சுரங்க ரயில் பெட்டியில் ஏசி, ஹீட்டர் சோதனை: புதிதாக வருகிறவர்களுக்கு

பெட்டிக்குள் 27 டிகிரி இருந்தது என்று எழுதிக்கொண்டு போய் நின்றால், மேற்பார்வையாளர் முதலில் கேட்பது "எந்த இடத்தில் வைத்து எடுத்தீர்கள்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "பக்கத்துப் பெட்டியில் எவ்வளவு?" இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த 27ஐ வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஏசி பழுதாக இருக்கலாம். கதவு திறந்திருந்த நேரத்தில் எடுத்த அளவாக இருக்கலாம். வெயிலில் மணிக்கணக்கில் நின்றுவிட்டுக் கிளம்பிய வண்டியாக இருக்கலாம். இல்லையென்றால் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்து, அந்த நேரத்தில் பெட்டி 27 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதே கணக்காகவும் இருக்கலாம்.

மெட்ரோ, சுரங்க ரயில் பெட்டிகளின் ஏசியையும் ஹீட்டரையும் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பணிமனையில் வேலை பழகுகிறவராக இருந்தாலும் சரி, ஓடும் வண்டியில் ஏறி இறங்கி அளவெடுப்பவராக இருந்தாலும் சரி, அடிப்படை ஒன்றுதான். தனியாக நிற்கும் ஓர் எண்ணை நம்பாதீர்கள், வித்தியாசத்தைப் பாருங்கள். மேலே போகும் காற்றுக்கும் கீழே வரும் காற்றுக்கும் எவ்வளவு வித்தியாசம், இந்தப் பெட்டிக்கும் அதே வண்டியின் அடுத்த பெட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால் பாதிப் பழுதுகள் தாமாகவே வெளியே வந்துவிடும். (டிகிரி என்று நான் சொல்வதெல்லாம் செல்சியஸ்.)

கூரைக்கு மேல் என்ன இருக்கிறது

பெரும்பாலான மெட்ரோ பெட்டிகளில் கூரை மேல் இரண்டு ஏசி யூனிட்கள் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்றைக் கூரையில் உள்ள கிரில் வழியாக மேலே இழுத்து, ஃபில்டரில் வடிகட்டி, கொஞ்சம் வெளிக்காற்றையும் கலந்து, குளிர்ச் சுருளின் வழியாகத் தள்ளி, கூரைக்குள் ஓடும் டக்ட் வழியாகப் பெட்டி நெடுகிலும் இறக்குகிறார்கள். மேலே போகும் காற்று ரிட்டர்ன், கீழே இறங்குவது சப்ளை. காற்றிலிருந்து உறிஞ்சிய சூட்டைக் கண்டென்சர் வெளியே கொட்டுகிறது. வெளியே என்றால் பெரும்பாலும் சுரங்கத்துக்குள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சூடேற்றுவதற்குப் பெரும்பாலும் மின்சார ஹீட்டர்தான். சில பெட்டிகளில் இருக்கைக்கு அடியில் சுவரோரமாக வரிசையாக இருக்கும், சிலவற்றில் கூரை டக்டுக்குள் இருக்கும், பலவற்றில் இரண்டும் உண்டு. எப்போது குளிர்விப்பது, எப்போது சூடேற்றுவது என்று முடிவெடுப்பது ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அது பார்ப்பது ரிட்டர்ன் பாதையில் ஒரு சென்சார், வெளிக்காற்றுக்கு ஒரு சென்சார். டக்டில் இன்னொன்று இருந்தாலும் இருக்கும்.

இந்த யூனிட்களுக்கு எவ்வளவு வேலை என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் சுமார் 100 வாட் சூட்டை வெளியிடுகிறார். நிற்பவர் கொஞ்சம் கூடுதலாக. 200 பேர் ஏறிய பெட்டியில் மனிதர்களிடமிருந்து மட்டும் 20 கிலோவாட்டுக்கு மேல் சூடு வருகிறது. ஒரு டன் ஏசி என்பது சுமார் 3.5 கிலோவாட். ஆக, வெளிக்காற்றையும் கதவு திறப்பதையும் கணக்கில் சேர்க்காமலே, ஆட்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட 6 டன் போய்விடுகிறது. காலியான பெட்டி ஜில்லென்று இருப்பதை வைத்து ஏசிக்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

எல்லாப் பெட்டிக்கும் எல்லா நாளுக்கும் ஒரே எண் என்று எதுவும் கிடையாது. நகர்ப்புற, புறநகர் ரயில் பெட்டிகளின் ஏசிக்கென்றே 2006இல் வந்த ஐரோப்பியத் தரம் ஈஎன் 14750. கூட்டம் எவ்வளவு, பயணம் எவ்வளவு நேரம், நிலையங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் என்பதைப் பார்த்து அது வண்டிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. வெளியே சூடு ஏற ஏற உள்ளே வைக்க வேண்டிய அளவும் ஏறிக்கொண்டே போகும். காரணம் எளிது. 38 டிகிரியிலிருந்து வந்து ஏறி, பத்து நிமிடத்தில் திரும்ப 38 டிகிரிக்குள் இறங்கப் போகிறவரை 22 டிகிரியில் நிறுத்தினால் அவருக்கும் சுகமில்லை, மின்சாரமும் வீண்.

அதனால் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு: உங்கள் வண்டி வகைக்கு வெளி வெப்பநிலை இவ்வளவு என்றால் உள்ளே இவ்வளவு என்று காட்டும் வரைபடம். அது கையில் இல்லாமல் "பெட்டி சூடாக இருக்கிறது" என்று நீங்கள் எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

வேண்டுமென்றே வேறு அளவில் ஓடும் பெட்டிகளும் உண்டு. சியோலிலும் டோக்கியோவிலும் குளிர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகச் சில பெட்டிகளை மற்றவற்றைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக வைத்து ஓட்டுகிறார்கள். கதவில் ஒட்டியும் வைத்திருப்பார்கள். உங்கள் வண்டியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பெட்டியோடு ஒப்பிட்டு, நல்ல பெட்டியைப் பழுது என்று எழுதிவிடுவீர்கள்.

கையில் என்ன வேண்டும்

மெல்லிய கம்பி முனை வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. முனை பிடி 100 வகையாக (பிளாட்டினத்தின் மின்தடையை வைத்து அளப்பது) இருந்தால் உத்தமம். அறை வெப்பத்தில் ஏ கிளாஸ் முனை கால் டிகிரிக்குள் சரியாகச் சொல்லும். மலிவாகக் கிடைப்பது கே வகைத் தெர்மோகப்பிள், அதாவது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்த முனை. அதன் 1ஆம் கிளாசுக்கே 1.5 டிகிரி வரை முன்னே பின்னே போக அனுமதி உண்டு, 2ஆம் கிளாசுக்கு 2.5 டிகிரி. இரண்டு பேர் ஆளுக்கொரு கே வகை மீட்டரோடு நின்றால் இருவருக்கும் இடையே 3 டிகிரி வித்தியாசம் வரலாம், இருவர் மீட்டரும் விதிப்படி நல்ல மீட்டராகவே இருக்கலாம். அதனால் ரிட்டர்னையும் சப்ளையையும் ஒரே மீட்டரால், ஒரே முனையால் எடுங்கள். முனை ஒரு டிகிரி கூட்டிக் காட்டினாலும் இரண்டிலும் கூட்டித்தான் காட்டும்; கழிக்கும்போது பிழை போய்விடும்.

வாரம் ஒருமுறை மீட்டரை ஐஸில் சோதியுங்கள். பொடித்த ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனையை நடுவில் விட்டுக் கிண்டிக்கொண்டே காத்திருந்தால் 0 காட்ட வேண்டும். பாத்திரத்தின் அடியையோ சுவரையோ முனை தொடக் கூடாது. 0.6 காட்டினால் மீட்டரின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதை எழுதிவிடுங்கள்.

இனி, புதியவர்கள் எல்லோரும் ஆசைப்படும் கருவி: துப்பாக்கி மாதிரி நீட்டினால் சிவப்புப் புள்ளி விழும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். அது காற்றை அளக்காது. எதிரே இருக்கும் பரப்பின் வெப்பநிலையைத்தான் சொல்லும். பெயின்ட் அடித்த பரப்பு, பிளாஸ்டிக், ரப்பர் என்றால் ஓரளவு சரியாகச் சொல்லும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் கம்பியையோ அலுமினியக் கிரில்லையோ நோக்கிப் பிடித்தால், அதில் பிரதிபலிக்கும் விளக்கையும் உங்கள் உடம்பையும் சேர்த்து அளந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு, டேப்பை அளக்கலாம். தூரமும் முக்கியம். 12க்கு 1 என்று போட்டிருக்கும் கருவி 1.2 மீட்டர் தள்ளி நின்றால் 10 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைச் சொல்லும். சிவப்புப் புள்ளி விழும் இடத்தை மட்டும் அல்ல.

ஈரப்பதம் காட்டும் மீட்டர், டார்ச், டிஷ்யூ பேப்பர் கொஞ்சம். போனில் இருக்கும் வெப்பநிலை ஆப் வேண்டாம். அது காட்டுவது ஊர் வானிலையாக இருக்கும், அல்லது போன் பேட்டரியின் சூடாக இருக்கும்.

தொடக் கூடாதவை

வண்டிக்கு மின்சாரம் கொடுக்கப் பக்கத்தில் போட்டிருக்கும் மூன்றாம் தண்டவாளத்தில் பொதுவாக 600 முதல் 750 வோல்ட் நேர் மின்சாரம் ஓடும். மேல்கம்பியில் ஓடும் வண்டி என்றால் 1500 வோல்ட், சில இடங்களில் 25,000 வோல்ட். பழைய வண்டிகள் சிலவற்றில் இருக்கைக்கு அடியில் உள்ள ஹீட்டருக்கே லைன் மின்சாரம் நேராக வருகிறது. ஆகவே மின்சாரத்தை நிறுத்தி, எர்த் செய்து, பூட்டு போட்டு, உங்கள் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடாமல் கூரை மேல் ஏறக் கூடாது. ஹீட்டர் மூடியையும் பேனலையும் திறக்கக் கூடாது. நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும். கீழே நான் சொல்லும் சோதனைகள் எல்லாம் எந்த மூடியையும் கழற்றாமல் பெட்டிக்குள் நின்றே செய்யக்கூடியவை. எங்கே அப்படி இல்லையோ அங்கே சொல்கிறேன்.

ஓடும் வண்டியில் அளவெடுப்பது

1. ஏறுவதற்கு முன்பே எழுத வேண்டியவை: வண்டி எண், பெட்டி எண், நேரம், வெளி வெப்பநிலை, பிளாட்பார வெப்பநிலை. வண்டி சுரங்கத்துக்குள்ளிருந்து வருகிறதா, மேலே வெயிலில் ஓடிவிட்டு வருகிறதா என்பதையும் ஒரு வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஏறியதும் மீட்டரைப் பார்க்காதீர்கள். சட்டைப் பையில் இருந்த முனை உங்கள் உடம்புச் சூட்டில்தான் இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் வெளியே நீட்டி வைத்து, எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுங்கள். முனையைக் கையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். மூச்சு படக் கூடாது, டக்டிலிருந்து இறங்கும் காற்று நேராக அடிக்கும் இடமும் கூடாது.

3. இடம்: பெட்டியின் நடு, பிறகு இரண்டு முனைகள். கதவோரம் வேண்டாம், வேண்டுமானால் தனியாக எடுத்து 'கதவு' என்று எழுதுங்கள். உயரம்: உட்கார்ந்திருப்பவரின் தலை 1.1 மீட்டர், நிற்பவரின் தலை 1.7 மீட்டர், கணுக்கால் 0.1 மீட்டர். இவை ஐஎஸ்ஓ 7726 என்ற அளவீட்டுத் தரத்தில் இருக்கும் உயரங்கள். ஏசி சோதனைக்கு மேல் இரண்டும் போதும். ஹீட்டருக்குக் கணுக்கால் அளவு கட்டாயம்.

4. நேரம்: இதைத்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். நிலையத்தில் கதவு திறந்ததும் பிளாட்பாரத்துக் காற்று உள்ளே புகுந்துவிடும். ரிட்டர்ன் சென்சார் கூரைக்குள் இருப்பதால் அதற்கு இது தெரிந்து, கம்ப்ரசர் (ஏசியின் கேஸை அழுத்திச் சுற்றவிடும் இயந்திரம்) வேகம் பிடிப்பதற்குள் கொஞ்ச நேரம் போய்விடும். அதனால் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே இரண்டு முறை எடுங்கள். கதவு மூடிய அரை நிமிடத்தில் ஒன்று, அடுத்த நிலையத்தில் கதவு திறப்பதற்குச் சற்று முன் ஒன்று. நல்ல பெட்டியில் இரண்டாவது எண் இறங்கியிருக்கும். இறங்காமல் நின்றால் யோசிக்க வேண்டும். நிலையத்துக்கு நிலையம் ஏறிக்கொண்டே போனால் அந்த ஏசி தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள், அப்போதைக்கு எண் 26ஆகவே இருந்தாலும்கூட.

5. ரிட்டர்ன், சப்ளை: கூரையில் காற்றை இழுக்கும் கிரில்லின் அருகே முனையைப் பிடித்து ஓர் அளவு. காற்று இறங்கும் இடுக்கில் முனையை லேசாக விட்டு இன்னோர் அளவு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் இப்படி ஒரு ஜோடி. எது இழுக்கிறது, எது தள்ளுகிறது என்று சந்தேகம் வந்தால் டிஷ்யூ பேப்பர் துண்டைக் காட்டுங்கள்; இழுக்கும் கிரில்லில் ஒட்டிக்கொள்ளும், தள்ளும் இடுக்கில் படபடக்கும். எவ்வளவு வேகமாக ஒட்டிக்கொள்கிறது என்பதே காற்றோட்டத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

6. அப்புறம் அடுத்த பெட்டி. அடுத்த நாள் அல்ல, அடுத்த பத்து நிமிடத்துக்குள். வெளி வெப்பநிலை, கூட்டம், பாதை எல்லாம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் ஒரே சந்தர்ப்பம் அதுதான். முழு வண்டியும் ஒரே கூடமாகத் திறந்திருக்கும் வகையாக இருந்தால் எச்சரிக்கை தேவை. காற்று பெட்டி விட்டுப் பெட்டி கலந்துவிடுவதால், ஒரு யூனிட் செத்துக் கிடந்தாலும் நடுப்பெட்டி அளவு ஓரிரு டிகிரிதான் மாறும். அங்கே சப்ளைக் காற்று மட்டுமே உண்மை பேசும்.

எண்ணைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிப்பது

கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது ரிட்டர்னுக்கும் சப்ளைக்கும் இடையே சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் பொதுவாக ஆரோக்கியம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி போதுமான அளவு குளிர்ந்துவிட்டால் கம்ப்ரசர் குறைந்த வேகத்தில் ஓடும், அல்லது நின்று நின்று ஓடும். அப்போது வித்தியாசம் குறைவாகத்தான் இருக்கும், அது பழுதல்ல. ஓட்டுநர் அறைத் திரையில் யூனிட் எந்த நிலையில் ஓடுகிறது என்று காட்டும். அதைப் பார்க்க வழியில்லையென்றால் ஐந்து நிமிடம் முனையைச் சப்ளையிலேயே வைத்து, ஏறி இறங்குவதைக் கவனித்து, மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசமே இல்லை, காற்று மட்டும் நன்றாக வருகிறது என்றால் கம்ப்ரசர் ஓடவில்லை, யூனிட் வெறும் விசிறியாக ஓடிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் 4, 5 டிகிரியில் நிற்கிறது, காற்றும் நன்றாக வருகிறது என்றால் யூனிட்டில் உள்ள இரண்டு கம்ப்ரசர்களில் ஒன்று நின்றிருக்கலாம், அல்லது கேஸ் குறைந்திருக்கலாம். எது என்று பெட்டிக்குள் நின்று சொல்ல முடியாது. பிரஷர் கேஜ் வைத்துப் பார்ப்பது பணிமனை வேலை.

இதற்கு நேர் எதிரானது ஏமாற்றும். சப்ளை ஐஸ் மாதிரி வருகிறது, வித்தியாசம் 15ஐத் தாண்டுகிறது, ஆனால் பெட்டி குளிரவில்லை. புதியவர்கள் "ஏசி அருமை, கூட்டம்தான் காரணம்" என்று எழுதிவிடுவார்கள். டிஷ்யூ பேப்பரைக் காட்டிப் பாருங்கள். பட்டும் படாமலும் ஆடும். கொஞ்சம் காற்றுதான் சுருளைத் தாண்டிப் போகிறது, அதனால்தான் அவ்வளவு ஜில்லென்று இருக்கிறது. ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது சுருள் மேல் ஐஸ் படிந்திருக்கும். ஐஸ் என்றால் யூனிட்டை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் உருகி, கூரையிலிருந்து சொட்டும்.

காற்றுக் குறைவுக்கு இன்னொரு காரணமும் உண்டு, பெரும்பாலும் ப்ளோயரின் (காற்றைத் தள்ளும் விசிறியின்) மோட்டார் மாற்றிய பிறகு வருவது. மூன்று ஃபேஸ் ஒயர்களில் இரண்டு இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். உருளை வகை ப்ளோயர் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்று வழக்கமான பக்கம்தான் வரும், பலவீனமாக வரும். சத்தம் இருக்கிறது, காற்றும் இருக்கிறது, எல்லாம் ஓடுகிறது என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். 'ப்ளோயர் அண்மையில் மாற்றப்பட்டதா' என்ற ஒரு கேள்வி இங்கே நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

மழை நாளிலும் புழுக்க நாளிலும் வித்தியாசம் 6, 7 டிகிரியாகச் சுருங்கினால் உடனே பதற வேண்டாம். ஏசியின் சக்தியில் பெரும்பகுதி காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவதற்கே போய்க்கொண்டிருக்கும். ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதச் சொல்வது இதற்காகத்தான். 26 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் சுகம். அதே 26இல் 75 சதவீதம் என்றால் கழுத்தில் பிசுபிசுக்கும். பயணிகளின் புகார் வரும், தெர்மாமீட்டர் மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடுத்தடுத்து இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே மாதிரி சோர்ந்திருந்தால் ஏசியை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். ஏசிக்கு மின்சாரம் கொடுக்கும் துணைக் கன்வெர்ட்டர் ஒன்று பல பெட்டிகளுக்குப் பொதுவாக இருக்கும். வண்டியில் உள்ள அப்படிப்பட்ட கன்வெர்ட்டர்களில் ஒன்று நின்றால் மீதியிருப்பது தாங்க வேண்டுமே என்பதற்காக வண்டியே ஏசிகளைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். ஒவ்வொரு யூனிட்டாகக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

கடைசியாக, ரிட்டர்னில் உங்கள் மீட்டர் 29 காட்டும்போது வண்டியின் திரை 25 என்று சொன்னால் கோளாறு சென்சாரில். யூனிட்டைப் பொறுத்தவரை பெட்டி ஏற்கெனவே குளிர்ந்துவிட்டது. அது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

பணிமனையில் ஜோர், ஓட்டத்தில் மோசம்

காலையில் பணிமனையில் சோதித்தால் 9 டிகிரி வித்தியாசம், அருமை. மாலை நெரிசல் நேரத்தில் அதே பெட்டியிலிருந்து புகார். திரும்பப் பணிமனைக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் அருமை. 'பழுது எதுவும் காணப்படவில்லை' என்று எழுதி அனுப்புவார்கள். மூன்றாவது முறை அதே பெட்டி அதே புகாரோடு வந்தால், அந்த வரியை இன்னொரு தடவை எழுதுவது வேலையே இல்லை என்பது என் கருத்து.

பெரும்பாலும் குற்றவாளி கண்டென்சர். தண்டவாளமும் சக்கரமும் உரசி வரும் இரும்புத் தூள், பிரேக் தூள், தலைமுடி, நூல் எல்லாம் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து கண்டென்சரின் தகடுகளுக்கு இடையே படியும். திறந்தவெளிப் பணிமனையில் காலை 24 டிகிரிக் காற்றில் அந்த அழுக்கோடும் அது சமாளித்துவிடும். சுரங்கத்தில், நெரிசல் நேரத்தில், வண்டிக்குப் பின் வண்டியாகப் பிளாட்பாரத்தில் நின்று கூரை மேல் சூட்டைக் கொட்டும்போது, கண்டென்சர் இழுக்கும் காற்றே கொதிக்கும். அழுத்தம் எகிறும், பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஓடும், மறுபடியும் நிற்கும்.

சுரங்கம் எவ்வளவு சூட்டைத் தேக்கி வைக்கும் என்பதற்கு லண்டன் நல்ல உதாரணம். அங்கே ஆழமான குழாய்ச் சுரங்கங்களைத் தோண்டிய காலத்தில் சுற்றியிருந்த களிமண் 14 டிகிரியில் இருந்தது. ஒரு நூற்றாண்டு பிரேக் சூடும் மோட்டார் சூடும் ஏறி அது இப்போது 19 முதல் 26 டிகிரி வரை வந்துவிட்டது. அந்த ரயிலில் முதல் ஏசி வண்டி ஓடியதே 2010இல்தான், அதுவும் சூட்டை வெளியே விட வசதி உள்ள, ஆழம் குறைந்த பாதைகளில்.

ஆகவே இந்த மாதிரிப் பெட்டியை எப்படிப் பிடிப்பது? முதலில் யூனிட்டின் நிகழ்வுப் பதிவை இறக்கிப் பாருங்கள். 'உயர் அழுத்தம்' என்ற வரி எத்தனை முறை, எந்த நேரங்களில் வந்திருக்கிறது? மதியம் இரண்டு முதல் ஏழு மணிக்குள் கூட்டமாக வந்திருந்தால் விடை பாதி கிடைத்த மாதிரிதான். அடுத்து, நெரிசல் ஓட்டம் முடிந்து வண்டி உள்ளே வரும் சூட்டோடு சூடாகச் சோதியுங்கள், இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் அல்ல. அதுவும் முடியாவிட்டால் அதே நேரத்தில் ஏறிப் போய்ப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து சப்ளையைக் கவனியுங்கள். 17இல் இருந்த சப்ளை மூன்று நிமிடத்தில் 26க்கு ஏறி, பிறகு திரும்ப இறங்கினால் கம்ப்ரசர் நின்று ஓடியதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். கண்டென்சரைக் கழுவுவது, விசிறி சுற்றும் பக்கத்தைப் பார்ப்பது எல்லாம் கூரை வேலை. முறைப்படி அனுமதி வாங்கியவர்கள் செய்வார்கள்.

ஹீட்டர்

ஹீட்டரைக் குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே பாருங்கள், ஏசியைக் கோடைக்கு முன்பே பார்ப்பது போல. நடுக்கோடையில் கட்டுப்பாட்டுப் பெட்டி ஹீட்டரை ஓடவிடாது. சோதனை நிலைக்கு மாற்றித்தான் ஓட்ட வேண்டும். அதேபோல் கடுங்குளிரில் கம்ப்ரசர் கிளம்பாவிட்டால் அது பழுதல்ல, வெளியே குளிராக இருந்தால் கிளம்பாதபடி வைத்திருப்பார்கள்.

பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவை போடும்போது தூசி கருகும் வாடை வரும். சில நிமிடத்தில் போய்விட்டால் கவலையில்லை. போகவில்லை, அல்லது பிளாஸ்டிக் எரிகிற வாடை என்றால் உடனே நிறுத்துங்கள். இருக்கைக்கு அடியில் செய்தித்தாளும் பாலிதீன் பையும் போய் ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம்.

ஹீட்டர்கள் தொகுதி தொகுதியாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு தொகுதி செத்தால் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும், அல்லது ஒன்றுவிட்டு ஒரு இருக்கை மட்டும் குளிர்ந்திருக்கும். நடுவில் 1.1 மீட்டரில் எடுத்த அளவு இதைக் காட்டவே காட்டாது. பெட்டி நெடுக நடந்து, ஒவ்வொரு ஹீட்டர் கிரில்லையும் இன்ஃப்ராரெட் மீட்டரால் ஒரே தூரத்திலிருந்து அளந்து வரிசையாக எழுதுங்கள். 48, 51, 47, 22, 49 என்று வந்தால் நான்காவதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. இதை உறுதிப்படுத்தக் கிளாம்ப் மீட்டரால் கரன்ட் பார்க்க வேண்டும்; அது பேனல் திறக்கும் வேலை.

தலைக்கும் கணுக்காலுக்கும் இடையே வித்தியாசம் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. ஐஎஸ்ஓ 7730 தன் நடுத்தர வகைக்கு வைத்திருக்கும் எல்லையும் அதுதான். கூரை டக்டில் மட்டும் ஹீட்டர் உள்ள பெட்டிகளில் சூடான காற்று மேலேயே மிதக்கும். தலை வியர்க்கும், கால் விறைக்கும்.

குளிர்காலத்தில் புகார் இரண்டு பக்கமும் வரும். கோட்டு, ஸ்வெட்டரோடு நிற்பவருக்கு 20 டிகிரியே தாராளம். நெரிசலில் ஆட்களின் சூட்டிலேயே பெட்டி சூடாகிவிடுவதால் ஹீட்டர் தானாக நின்றிருக்கும். அப்போது கிரில் குளிர்ந்திருப்பதைப் பார்த்துப் பழுது என்று எழுதாதீர்கள்.

கோடையிலும் ஹீட்டரை மறந்துவிட வேண்டாம். ஹீட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டால், நிறுத்தச் சொன்ன பிறகும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். மேலே ஏசி முழு வேகத்தில் ஓடும், சப்ளை வித்தியாசம் கச்சிதமாக 10 டிகிரி இருக்கும், பெட்டி மட்டும் குளிராது. எல்லா எண்ணும் சரியாக இருந்து பெட்டி மட்டும் தப்பாக இருந்தால் குனிந்து இருக்கைக்கு அடியில் கிரில்லை அளந்து பாருங்கள். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுடும்.

எழுதிக் கொடுப்பது

படிப்பவர் வண்டியைப் பார்க்காமலே முடிவெடுக்கும்படி எழுத வேண்டும். இப்படி ஒரு வரி போதும்:

பெட்டி 3, மாலை 5.40, வெளியே 36, பிளாட்பாரம் 32, கூட்டம் நிற்க இடம் உள்ள அளவு. நடு 1.1 மீட்டர்: கதவு மூடியதும் 28.5, திறக்கும் முன் 28.4. ஈரப்பதம் 62. யூனிட் 1: ரிட்டர்ன் 28.6, சப்ளை 18.9. யூனிட் 2: ரிட்டர்ன் 28.8, சப்ளை 28.1, காற்று நன்றாக வருகிறது. பெட்டி 4: அதே நேரம், நடு 25.6.

இதைப் படித்தால் இரண்டாவது யூனிட்டில் கம்ப்ரசர் ஓடவில்லை என்று மேசையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். 'மிகவும் சூடு', 'சுமார்', 'பரவாயில்லை' போன்ற வார்த்தைகள் வேண்டாம்.

பயணிகளின் புகாரில் பெரும்பாலும் 'நடுப்பெட்டி', 'பின்னாடிப் பெட்டி' என்றுதான் இருக்கும். வண்டி திரும்பும் இடத்தில் முன் பின்னாகிவிடும் என்பதை மறக்காதீர்கள். நேரத்தையும் நிலையத்தையும் வைத்து வண்டியைக் கண்டுபிடித்து, பிறகு பெட்டியின் நிரந்தர எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே கதவுக்கு மேலேயோ கடைசிச் சுவரிலோ அது எழுதியிருக்கும்.

பழுது பார்த்து முடித்ததாகச் சொன்ன பெட்டியை அதே நேரத்தில், அதே பாதையில், அதே மீட்டரால் இன்னொரு முறை அளந்த பிறகுதான் கோப்பை மூட வேண்டும். பணிமனையில் எடுத்த அளவைக் காட்டி மூடச் சொன்னால், நெரிசல் நேர அளவு வரும்வரை கையெழுத்துப் போடாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.